டவரில் கடைசி மார்கழி

லண்டனில் நாம் வளர்ந்த குடியிருப்பின் மூன்றாவது டவரையும் இந்த வசந்தத்தில் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். நம்மில் யாரோ பஸ் தரிப்பில் நின்று எடுத்த காணொளி உங்களுக்கும் வந்திருக்கும். மேல்மாடிகளைச் சுற்றி வெள்ளைத் தார்ப்பாய். கூரையில் ஒரு சின்ன மஞ்சள் இயந்திரம் நின்று, பறவை பழத்தைக் கொத்துவதுபோலக் கொங்கிரீட்டைக் கொத்துகிறது. அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: முதலாவது டவரை இறக்கிய வருடம் அதற்குள் ஒரு பேய் இருந்தது, இருமிக்கொண்டே இருக்கும், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பலருக்கு இருந்தது. நடைபாலத்தை அடைத்திருந்த பலகையில் காதை வைத்துக் கேட்டதாக ஒருவர் எழுதினார். தன் அக்கா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை என்று இன்னொருவர்.

நான் அங்கே எதுவும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். அது பேயில்லை. என் மாமா. அம்மாவின் தம்பி.

நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. நான் இப்போது பழைய கட்டடங்களின் எலும்பைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்கிறேன். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது, எதை முதலில் எடுக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நம் டவரை நினைத்தால் அந்த அறிவு ஒன்றும் உதவிக்கு வருவதில்லை. சுவர்தான் ஞாபகம் வருகிறது. வெளிச்சுவர்களில் மரத்தின் வரிகளும் கணுக்களும் பதிந்திருந்தனவே, நினைவிருக்கிறதா? பலகைகளை நிறுத்தி அவற்றுக்கிடையே கொங்கிரீட்டை ஊற்றுவார்கள். இறுகியதும் பலகையைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். மரம் போய்விடும், அதன் அச்சு மட்டும் தங்கும். சின்ன வயதில் எனக்கு இது தெரியாது. ஒரு காட்டைக் கல்லாக்கி அதற்குள் நம்மைக் குடிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். லிப்டுக்குப் பக்கத்துச் சுவரில் கண் மாதிரி ஒரு கணு இருந்தது. லிப்ட் வரும்வரை அதற்குள் விரலை வைத்துக்கொண்டு நிற்பேன்.

படிக்கட்டின் சுவர் வேறு மாதிரி. நெடுக்காக வரி வரியாக வார்த்து, வரிகளின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து உடைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர்களுக்கு அந்தக் கரடு பிடித்திருந்தது. நமக்கு அது கையின் தோலை எடுக்கும் சுவர். படியில் விளக்கு எரியாத நாட்களில் சுவரைத் தடவி இறங்கினால் விரல் முட்டிகள் நாலும் ஒரே வரிசையில் உரிந்துவிடும்.

இப்போது அந்தக் கட்டடங்களைப் புகழ்ந்து பெரிய படப் புத்தகங்கள் வருகின்றன. என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. அதிலே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த நகரம் எவ்வளவு துணிவோடு மேலே எழுந்தது என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். அதிலுள்ள ஒரு படத்தில்கூட பல்கனியில் உடுப்புக் காயவில்லை.

எங்கள் வீடு பதினான்காம் மாடியில். இரண்டு அறை. ஒன்றில் அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும். மற்றதில் அடுக்குக் கட்டில். மேல்தட்டில் பெட்டிகள், உடுப்பு மூட்டைகள், அரிசிச் சாக்கு. கீழ்த்தட்டில் இரவில் நான், பகலில் மாமா. அவருக்கு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போடும்போது அவர் கதவைத் திறந்துகொண்டு வருவார். நான் எழுந்த சூட்டில் அவர் படுப்பார். மாலையில் அவர் எழுந்த சூட்டில் நான் புத்தகத்தோடு ஏறுவேன். தலையணையில் எப்போதும் பெற்றோலும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு மணம். என் சிநேகிதிகளின் கட்டில்கள் எல்லாம் குளிர்ந்திருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

மாமா அந்த வீட்டில் இல்லை. அதாவது வீட்டைத் தந்த நகரசபையான கவுன்சிலின் கணக்கில் இல்லை. வீட்டுக்கு வெளியே அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் சட்டம். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரைந்தால் நாலு பேர்தான். அவருடைய அகதி வழக்கு முடிவில்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆனால் வேலை செய்ய அனுமதி இருந்தது, கையில் அத்தாட்சி இருந்தது. அவர் ஒளிய வேண்டிய ஆளே அல்ல. இது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. சீருடையும் கோப்பும் வைத்திருக்கும் ஆட்களிடம் வீட்டில் எத்தனை பேர் என்று உண்மையைச் சொல்லக் கூடாது என்பதை அவர்கள் போர் நடந்த ஊரிலிருந்தே கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். அங்கே அது உயிரைக் காத்தது. அதனால் இங்கேயும் காக்கும் என்று நம்பினார்கள்.

டவரை இறக்கப்போகிறார்கள், எல்லோருக்கும் வேறு வீடு தருவார்கள் என்ற செய்தி வந்த இலையுதிர்காலத்தில் கவுன்சில் பெண் ஒருத்தி வீடு வீடாக வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், எத்தனை அறை வேண்டும் என்று பார்க்க. அவள் வரும் நாளில் அம்மா மாமாவை வீட்டிலிருந்து துடைத்தெடுத்தார். சவரக் கத்தி, இரண்டு சோடி சப்பாத்து, வேலை ஜாக்கெட், சாரம், நெஞ்சில் பூசும் தைலம், மூன்றாவது பெரிய துவாய். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மாமாவின் கையில் கொடுத்தார். எனக்கு வாய் நிற்காது என்பதால் என்னையும் அவரோடு அனுப்பினார். இரண்டு மாடி மேலே, படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். கல் குளிர்ந்தது. மாமா துவாயை எடுத்து எனக்கு விரித்துவிட்டார்.

"மாமா, நாங்கள் ஏன் இஞ்ச இருக்கிறம்?"

"உன்ர அம்மா வீடு கூட்டுறா. குப்பையை வெளிய வைச்சிருக்கிறா."

"அப்ப நானும் குப்பையோ?"

"நீ சின்னக் குப்பை பிள்ளை. உன்னைத் திருப்பி எடுப்பினம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்து, பிறகு இருமினார். கீழே கேட்டுவிடும் என்று ஜாக்கெட்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். "வந்தவள் நல்ல பிள்ளை. குசினிச் சுவரில ஈரத்தைத் தொட்டுப் பாத்து, பாவம் எண்டா. நாலு பேர்தானே எண்டு கேட்டா. ஓம் எண்டன்."

நாலு பேருக்கு இரண்டு அறை. அப்படித்தான் முடிவானது.

லூயிஷாமில், சந்தைக்குப் பின்னால், நாலே மாடி உள்ள கட்டடத்தில் வீடு கிடைத்துவிட்டது என்று டிசம்பரில் தொலைபேசியில் சொன்னார்கள். உடனே வரலாம் என்றார்கள். அன்றுதான் அம்மா மார்கழியைக் கையில் எடுத்தார். மார்கழியில் புது வீட்டில் குடிபூரக் கூடாது, தை பிறக்கட்டும் என்றார். அப்பா கவுன்சில் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்துச் சமயக் காரணம் என்று விளக்கினார். ரிசீவரை வைத்துவிட்டு ஆச்சரியத்தோடு திரும்பினார்.

"ஓஃப் கோர்ஸ் எண்டு சொல்லிப்போட்டா. மார்கழி எண்டால் எந்தத் திகதியிலயிருந்து எந்தத் திகதி மட்டும் எண்டு கேட்டு எழுதினவ."

"கடவுளைச் சொன்னா அவைக்கு விளங்கும்," என்றார் அம்மா.

அம்மாவுக்கு மார்கழியில் அப்படிப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இருக்கவில்லை. ராகு காலத்தில் சந்தைக்குப் போகிறவர் அவர். மாமாவுக்கு ஓர் அறை தேட ஒரு மாதம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தம்பிக்காகக் கேட்க முடியாத அவகாசத்தைச் சாமியின் பெயரால் கேட்டு வாங்கினார். எங்கள் தெய்வங்களைப் பற்றி எதுவும் தெரியாத அந்தப் பெண் அதை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

அந்த மாதம் டவர் வெறுமையானது. ஒவ்வொரு குடும்பமாகப் போகப் போக, அவர்களின் கதவுக்குமேல் துளைகள் உள்ள இரும்புத் தகட்டை அடித்தார்கள். காற்று அந்தத் துளைகளுக்குள்ளால் ஊதும். எங்கள் மாடியில் எங்கள் கதவு மட்டும் மரமாக இருந்தது. சூடாக்கும் குழாய்கள் கட்டடம் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால், ஆளில்லாத வீடுகளிலும் வெந்நீர் ஓடி, டொக் டொக்கென்று தட்டும். ஆட்கள் போனபிறகும் யாரோ சமைப்பதுபோலவும் தளபாடம் நகர்த்துவதுபோலவும் கேட்கும். லிப்டுக்கு முன்னால் விட்டுப்போன சாமான்கள் கிடந்தன: மீனில்லாத கண்ணாடித் தொட்டி, சில்லுகள் பூட்டிய சப்பாத்து ஒற்றை, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சுவரைப் பார்த்தபடி. பள்ளியால் வந்து அவற்றைப் பார்க்காமல் வேகமாகக் கடப்பேன். கதவைத் திறந்தால் உள்ளே மாமா படுத்திருக்கும் மூச்சுச் சத்தம். அதைக் கேட்டபிறகுதான் பையைக் கீழே வைப்பேன்.

மாமாவுக்கு அறை கிடைக்கவில்லை. பிளேஸ்டோவில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்து குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"அங்க எல்லா அறையும் ரெண்டு ஷிப்ட் அக்கா. பகலில படுக்கிறதுக்கும் ஆள் இருக்கு. நான் படுக்கிறதெண்டால் குளிக்கிற தொட்டிதான் மிச்சம்."

அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "தம்பி, பகிடி விடாதையும். தை பிறந்தா நாங்கள் போகத்தான் வேணும். அங்க புது இடம். அவள் திரும்பவும் வந்து பாப்பாள். நீர் அங்க இருந்தீர் எண்டா எங்கட வீடும் போகும், உம்மட வழக்கும் போகும்."

"கட்டிலுக்குக் கீழ படுக்கிறன் அத்தான். செலவில்லை."

அம்மா கழுவிக்கொண்டிருந்த சட்டியைத் தொட்டிக்குள் போட்டார். "நீ இப்பிடியே சிரிச்சுக்கொண்டு திரி. தைக்குள்ள இடம் பாக்காட்டி நானே போய்ச் சொல்லிப்போடுவன். இப்பிடி ஒருத்தன் களவா இருக்கிறான், வந்து பிடிச்சுக்கொண்டு போங்கோ எண்டு."

"சொல்லமாட்டியள் அக்கா."

"சொல்லுவன்."

மாமா அப்போதும் சிரித்தார். ஆனால் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு அன்று ஷிப்டுக்கு நேரத்தோடேயே போய்விட்டார். அம்மா பயமுறுத்தத்தான் சொன்னார் என்பது எனக்கே விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

தை நெருங்கியது. பொங்கலுக்கு முதல்நாள் மாமா வந்து, ஸ்ட்ரெதத்தில் ஒரு சிநேகிதனோடு அறை சரிவந்துவிட்டது என்றார். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். மாமாதான் கட்டிலைக் கழற்றிப் பூட்டினார். அம்மா பால் காய்ச்சினார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது புகை எச்சரிக்கை மணி அலறியது. மாமா கதிரையில் ஏறி நின்று அதற்குத் துவாயால் விசிறினார். கட்டிலின் கீழ்த்தட்டு மெத்தை மட்டும் வரவில்லை. ஈரம் பிடித்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்று அப்பா சொன்னார். எனக்குப் புது மெத்தை வாங்கினார்கள். அது இரவு முழுவதும் குளிர்ந்தது.

ஞாயிறு தோறும் மாமா சாப்பிட வந்தார். சோபாவில் படுத்து, உடுப்போடேயே உறங்கிப்போவார். ஸ்ட்ரெதம் எப்படி என்று அம்மா கேட்டால், நல்ல சனம், நல்ல கடைகள் என்பார். கொஞ்சம் மெலிந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் கிடக்கும். நான்தான் கூட்டுவேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன் ஒரு ஞாயிறு. ஆட்டிறைச்சிக் கறி. அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். மாமா சோற்றைக் குழைக்கக் கையை நீட்டினார். வலது கையின் விரல் முட்டிகள் நாலும் ஒரே வரிசையில் உரிந்து, புது இரத்தம் காய்ந்திருந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். அகப்பை அப்படியே நின்றது. உங்களில் யாரிடம் காட்டினாலும் அது எந்தச் சுவர் கொடுத்த காயம் என்று சொல்லிவிடுவீர்கள்.

"கையில என்ன?"

"வேலையில. பம்ப் மூடி பட்டிட்டுது."

அம்மா இன்னொரு அகப்பை கறி போட்டார். மாமா போனபிறகு அப்பாவிடம் கேட்டார்: "இஞ்சருங்கோ, ஸ்ட்ரெதத்தில எந்த றோட்டு?"

"எனக்கென்ன தெரியும்," என்றார் அப்பா, தொலைக்காட்சியைப் பார்த்தபடி.

மறுநாள் அம்மா என் கைக்குழந்தைத் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே போனாலும் இங்கிலீசுக்காக நான் கூடப் போக வேண்டும். எங்கே என்று கேட்டேன். அம்மா சில்லறையை எண்ணினார்.

தரிப்பில் இறங்குவதற்கு முன்பே தெரிந்தது. டவரின் தலை இல்லை. எங்கள் பதினான்காம் மாடி இருந்த இடத்தில் வானம். அதற்குக் கீழே வெள்ளைத் தார்ப்பாய், தார்ப்பாய்க்குள்ளே இயந்திரத்தின் சத்தம். அதைவிட மோசமான இன்னொரு சத்தமும் இருந்தது. உடைத்த கொங்கிரீட்டை லிப்ட் குழிக்குள் தள்ளுவார்கள். அது எல்லா மாடிகளையும் கடந்து அடிவரை விழும். இன்று எனக்கு அது வழக்கமான முறை என்று தெரியும். அன்று அந்தக் கட்டடத்தின் வயிற்றுக்குள் எதுவோ விழுந்துகொண்டே இருப்பதாக மட்டும் கேட்டது.

காலை பத்து மணி இருக்கும். இரவு ஷிப்ட் முடித்த ஆள் ஆழ்ந்து உறங்கும் நேரம்.

வேலியின் வாயிலில் ஒரு காவலாளி நின்றார். அம்மா என்னை முன்னால் தள்ளினார். "இவரிட்டக் கேள், உள்ளுக்க ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு."

கேட்டேன். உள்ளே ஒருவரும் இல்லை, எல்லா வீட்டையும் பார்த்த பிறகுதான் தொடங்கினோம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவுக்கு அது விளங்கியது. தலையாட்டினார். நன்றி சொன்னார். வேலியிலிருந்து நாலைந்து அடி விலகி வந்தார். நின்றார். குழிக்குள் மறுபடி ஒரு பாரம் விழுந்தது, காலடியில் நிலம் அதிர்ந்தது. அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சொன்னால் தம்பியைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதில் எழுதியிருந்தது. என் கையை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார்.

"மை பிரதர்," என்றார். "இன்சைட். ஸ்லீப்பிங்."

காவலாளிக்கு விளங்கவில்லை. அம்மா இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துச் சாய்த்து, உறங்குவதைக் காட்டினார். பிறகு டவரைக் காட்டினார். பிறகு, "ஸ்டொப். பிளீஸ். ஸ்டொப்," என்றார்.

அந்த மனிதரின் முகம் மாறியது. வானொலிக் கருவியை எடுத்து ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் மேலே இயந்திரம் நின்றது. அந்த அமைதியை இன்றைக்கும் என்னால் கேட்க முடியும். தூசு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் ஓடிவந்தார். பெயர் கேட்டார். அம்மா மாமாவின் முழுப் பெயரையும் சொன்னார். ஒரு வருடமாக எங்கள் வாயில் அடைத்து வைத்திருந்த பெயரை, தொப்பி போட்ட அந்நியர்களிடம், மெதுவாக, அவர்களுக்கு விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். ஆள் உள்ளே இருக்கலாம் என்றதும் பொலிஸுக்கும் அறிவித்தார்கள்.

மாமா மூன்றாம் மாடியில் இருந்திருக்கிறார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து வரும் நடைபாலத்தின் பலகையை நெம்பி நுழைந்து, இருட்டுப் படியில் ஒரு மாடி ஏறினால் வந்துவிடும் வீடு. தொழிலாளிகள் ஜன்னல், கதவு, குழாய் எல்லாவற்றையும் கழற்றி முடித்த வீடு அது. ஒருமுறை பார்த்து முடித்த இடத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. என் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

ஆள் இல்லை. சாமான்கள்தான் வந்தன. மஞ்சள் தொப்பிக்காரர் இருவர் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வேலி ஓரத்தில் சாய்த்து வைத்தார்கள். அதன் ஓரத்தில் ஊதா மைக் கறை. நான் பேனை உடைத்துக் கொட்டியது. அம்மா அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா எறிந்துவிட்டேன் என்று சொன்ன மெத்தை.

அப்போதுதான் நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். தெருவுக்கு அப்பால், பஸ் தரிப்பில், கையில் கடைப் பையோடு மாமா நின்றார். மற்ற ஆள் வராததால் அன்று ஷிப்ட் நீண்டிருக்கிறது. அது பிறகு தெரிந்தது.

"அம்மா, அங்க மாமா."

அம்மா திரும்பினார். திரும்பிய வேகத்திலேயே அவர் பெயரைக் கூப்பிட்டார். தெரு முழுவதும் கேட்கும்படி, குரல் உடைந்து, மறுபடியும் மறுபடியும். உயிரோடு கண்ட மகிழ்ச்சி அது. எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றவள் நான். ஆனால் தெருவின் மறுகரையில் நின்று பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்? இரண்டு பொலிஸ்காரர்கள். நடுவில் அக்கா. வெளியே எடுத்து வைத்த படுக்கை. அக்கா அவர் பக்கம் திரும்பிப் பெயர் சொல்லிக் கத்துகிறாள். பொலிஸ்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு பஸ் வந்து இடையில் நின்றது. அது போனபோது தரிப்பு வெறுமையாக இருந்தது.

அன்று மாலை மெத்தையைப் பற்றி அம்மா கேட்டபோது அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு, "தம்பி கேட்டார். வெறும் நிலத்தில படுக்க விடுறதோ," என்றார். ஆளைப் போகச் சொன்னவரும் அவர்தான், மெத்தையை மூன்றாம் மாடிக்கு இறக்கிக் கொடுத்தவரும் அவர்தான். மெஷின் வரமுன்னம் வெளிக்கிட்டிடுவன் அத்தான் என்று மாமா சொன்ன சொல்லை நம்பியிருந்தார். அம்மா அவரோடு பல நாள் பேசவில்லை.

கவுன்சில் பெண் புது வீட்டுக்கு வந்தாள். இந்த முறை அம்மா எல்லாவற்றையும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அவள் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "சொல்லியிருந்தால் ஐந்து பேருக்கான வீடு கேட்டிருப்பேனே," என்றாள். "உங்கள் மார்கழிக்காக ஒரு மாதம் முழுக்கக் கட்டடத்தைத் திறந்து வைத்திருந்தவள் நான்."

அதைத் தமிழில் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "சொல்லு பிள்ளை, எங்களுக்குத் தெரியாமப் போச்சுது எண்டு."

மாமா அந்த வருட முடிவில் ரொறொன்ரோவிலிருந்து அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கே வழக்கு வென்றது, கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அம்மாவோடு பேசுவார். பனி எப்படி, பிள்ளைகள் எப்படி, அவ்வளவுதான். லண்டனுக்கு ஒருமுறையும் வரவில்லை. அம்மா தன்னைப் பொலிஸுக்குப் பிடித்துக் கொடுக்க முயன்றார் என்று அவர் நம்புவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாக்கியத்தில் தீர்க்கக்கூடியது. நான் பெரியவளானபிறகு அம்மாவிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"என்னெண்டு சொல்லுறது? நீ செத்துப்போனாய் எண்டு நினைச்சன் எண்டு, உயிரோட இருக்கிறவனுக்கு வாயால சொல்லுறதோ? அது கூடாது. கூடப்பிறந்தவள் சொன்னா அது பலிக்கும்."

மார்கழியைப் பொருட்படுத்தாத அம்மா இதை நம்பினார்; எங்களையும் சொல்ல விடவில்லை. தம்பியின் உயிருக்காகத் தம்பியின் வெறுப்பை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டார்.

போன கோடையில் மாமாவின் மகளுக்கு ரொறொன்ரோவில் கலியாணம். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, நான் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து மண்டபம் கலையும் நேரத்தில் மாமா எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். தலை நரைத்துவிட்டது. இருமல் இல்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். கோவியாதை. அண்டைக்கு அக்கா ஏன் என்னைக் காட்டிக் குடுத்தவ?"

"காட்டிக் குடுக்கேல்லை மாமா. மெஷினை நிப்பாட்டத்தான் சொன்னவ."

"ஏன் நிப்பாட்ட வேணும்?"

"நீங்கள் உள்ளுக்க நித்திரை எண்டு நினைச்சவ."

மேடையில் யாரோ பூமாலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா அதைப் பார்த்தார்.

"மெஷின் ஓடிக்கொண்டு நிண்டதோ?"

"ஓம்."

"நான் அந்தச் சத்தத்துக்கதான் படுக்கிறனான். ஷெல் அடிக்குள்ள படுத்துப் பழகின ஆக்கள். சத்தம் நிண்டாத்தான் முழிப்பு வரும்." பிறகு குரல் இறங்கியது. "பொலிசுக்கு முன்னால, அக்கா... இங்கிலீசில சொன்னவவோ?"

"ஓம். தனியப் போய், தானே சொன்னவ."

அவர் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அம்மாவின் இலக்கத்தை அழுத்தித் தொலைபேசியைக் கொடுத்தேன். லண்டனில் மாலை ஏழு மணி. அம்மா சமையலில் இருப்பார். எடுத்ததும் தண்ணீர் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. ஹலோ, ஹலோ, கலியாணம் நல்லா முடிஞ்சுதோ பிள்ளை என்று கேட்டார்.

"அக்கா," என்றார் மாமா.  அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார், என்னடா, என்ன என்று கேட்டார். அன்று அந்த மூன்றாம் மாடியில் படுத்திருந்தவர்போல மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, நான் எழும்பி வெளிய வந்திட்டன்."

மறுமுனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது.  தொலைபேசியை இருவருமே வைக்கவில்லை.